அரை அந்தர் யூரியாவும் தீவகத்து வரம்புகளும்

ஆவணி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தின் தீவகத்துக் கமநல சேவை நிலையங்களின் வாசலில் ஒரே கேள்விதான்: "மானியக் காசு விழுந்திட்டுதோ?" 2024/25 காலபோகத்தில் நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்று உயர்த்தப்பட்ட உரமானியம் விதைப்புக்கு முன் வருமா, பயிர் முழங்கால் அளவுக்கு வளர்ந்த பிறகு வருமா என்பதிலேயே பேச்சு முடிந்துபோகிறது. அந்தக் காசுக்கு வாங்கும் யூரியா வேலணையிலும் புங்குடுதீவிலும் காரைநகரிலும் உவர் வயலில் விழுந்த பிறகு என்னவாகிறது என்று கேட்பாரில்லை.

நெல்வயலில் எறியும் யூரியாவிலுள்ள நைதரசனில் பெரும்பாலும் பாதியைக்கூடப் பயிர் எடுப்பதில்லை. உலகெங்கும் இதுதான் கணக்கு. சுண்ணாம்பும் உவரும் கலந்த மண்ணில் இழப்பு இன்னும் கூடும். அதே வயலில், ஒரு சதம்கூடக் கேட்காமல் காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் தண்ணீரில் வாழ்பவற்றுக்கு நிற்கும் தண்ணீர் வேண்டும்; சேற்றில் வாழ்பவற்றுக்குத் தின்ன வைக்கோலோ குழையோ வேண்டும். தீவகத்து வயல்களில் பலவற்றில் இன்று இரண்டும் இல்லை.

ஆகவே இந்தக் கட்டுரை கேட்பது ஒன்றுதான்: மானியப் பணத்தில் ஒரு பங்கு உரமூடையை விட்டு வரம்புக்குப் போகட்டும்.

அப்பு சொன்ன காரணம்

சின்ன வயதில் வேலணையில் எங்கள் வயலுக்குக் கார்த்திகை மாதத்தில் அப்புவோடு போவேன். கணுக்கால் அளவு தண்ணீர். நெல்லடியில் பச்சையும் நீலமுமாக ஒரு வழுவழுப்பு மிதக்கும். வெயில் ஏற ஏற அதனடியில் சிறு குமிழிகள் சேர்ந்து, பாசி துண்டு துண்டாகப் பெயர்ந்து மேலே வரும். ஒருநாள், "அப்பு, உதை வழிச்சு எறியட்டோ?" என்று கேட்டேன். "வேண்டாம் மோனை, கிடக்கட்டும். பாசி கிடந்தால் வெயிலுக்குத் தண்ணி சூடேறாது" என்றார்.

அவர் சொன்ன காரணம் அரைகுறை. எடுத்த முடிவு சரி. அந்தப் பாசியில் ஒரு பகுதி நீலப்பச்சை அல்கா. அது வெறும் போர்வையாக மிதக்கவில்லை, பசளை செய்துகொண்டிருந்தது.

காற்றில் 78 வீதம் நைதரசன். நெல்லுக்கு அதில் ஒரு துளியும் நேரடியாக உதவாது. இரண்டு நைதரசன் அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். யூரியாத் தொழிற்சாலை பெரும் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து அந்தப் பிடியைப் பிரிக்கிறது. சில பற்றீரியாக்கள் அதையே சாதாரண வெப்பநிலையில், சேற்றுக்குள் இருந்தபடி செய்துவிடுகின்றன. பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் நைதரசன் பதித்தல் என்று படித்தது இதைத்தான்.

பயற்றங்கொடியின் வேர் முடிச்சைக் காட்டி எல்லா ஆசிரியர்களும் இதைச் சொல்லித்தருவார்கள். நெல்வயலிலும் இது நடக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. வங்காளத்து நெல்வயல்களில் பல்லாண்டாக எருவில்லாமலும் விளைச்சல் வற்றாமல் இருப்பதற்கு நீலப்பச்சை அல்காக்களே முக்கிய காரணம் என்று பி. கே. டே என்ற ஆய்வாளர் 1939இல் எழுதினார். 1980இல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் இந்த அல்காக்களையும் நெல்லையும் பற்றி ஒரு நூலை வெளியிட்டது. இத்துறையில் அதுவே அடிப்படை நூலாயிற்று. அதை எழுதிய இருவரில் ஒருவர் இலங்கையரான பேராசிரியர் எஸ். ஏ. குலசூரிய. ஆக, இந்த அறிவு வெளியிலிருந்து வந்து சேரவேண்டிய ஒன்றல்ல. இந்த நாட்டுக்குள்ளேயே ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இருக்கிறது.

பாசி மேலே என்றால், கீழே சேற்றில் வேறொரு கூட்டம். தண்ணீர் நின்று ஒட்சிசன் குறைந்த மண்ணில், இரும்பை உபயோகித்துச் சுவாசிக்கும் பற்றீரியாக்கள் பெருமளவில் நைதரசன் பதிக்கின்றன என்பதை யப்பானில் டோக்கியோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடந்த பத்தாண்டுக்குள்தான் வெளிக்கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு உணவு, உக்கும் வைக்கோல்.

எவ்வளவு தருகின்றன? நல்ல நீர் நிற்கும் வயலில் ஒரு போகத்துக்கு ஹெக்டேயருக்குச் சுமார் 20 முதல் 30 கிலோ நைதரசன் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஏக்கருக்கு என்றால் 8 முதல் 12 கிலோ. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் உண்டு. எங்கள் பேச்சில் சொன்னால், ஏக்கருக்கு ஏறத்தாழ அரை அந்தர் யூரியா, சும்மா.

சும்மா என்றாலும் நிபந்தனை உண்டு. வயலில் அமோனியா தாராளமாக இருந்தால் இந்த நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திவிடும். கையில் சோறு இருக்கும்போது யார் உலை வைப்பார்கள்? விதைத்த சில வாரங்களுக்குள் யூரியாவை அள்ளி எறிந்தால், நாங்கள் காசு கொடுத்து வாங்கிய நைதரசனால் இலவசமாகக் கிடைக்கவிருந்ததை நிறுத்துகிறோம்.

அளவுக்கு மீறி நம்பிய வருடம்

இந்த இடத்தில் வாசகருக்கு 2021 நினைவுக்கு வரும். வரவேண்டும். அந்த ஆண்டு ஏப்ரலில் அறிவித்து, மே மாதத்தில் வர்த்தமானியில் போட்டு, இரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். சேதனப் பசளை ஏற்றிவந்த சீனக் கப்பல் கிருமித் தொற்று என்று திருப்பப்பட்டது; அதற்கும் பிறகு 67 இலட்சம் டொலர் கட்டவேண்டி வந்தது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோக விதைப்பு முடிந்திருந்தது. 2021/22 காலபோக நெல் உற்பத்தி நாடளாவிய ரீதியில் முந்திய காலபோகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கு மேல் விழுந்தது. யூரியா கறுப்புச் சந்தையில் எந்த விலைக்குப் போனது என்பதைக் கமக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அரை அந்தரை இரண்டு அந்தர் என்று நம்பினால் இப்படித்தான் ஆகும். நுண்ணுயிர் யூரியாவின் ஒரு பகுதிக்குத்தான் ஈடு. உயர் விளைச்சல் இனங்கள் கேட்கும் நைதரசன் முழுவதையும் அது தராது. அதுவும் பல வருடமாக யூரியாவே பழகிய, உக்கல் வற்றிய மண்ணில் ஒரே போகத்தில் எதையும் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அந்தத் தடை இன்னொரு கேடும் செய்தது. சேதனப் பசளை, நுண்ணுயிர் என்று வாய் திறந்தாலே கமக்காரர் எழுந்து போகும் நிலையை உண்டாக்கிவிட்டது. என் பார்வையில் விளைச்சல் இழப்பைவிட ஆற நாளெடுக்கும் காயம் இது.

தேசிக்காய்ப் புளியில் ஒரு சோதனை

தீவகத்து மண்ணைப் பற்றிப் பேசாமல் பொதுவாக உரம் பற்றிப் பேசுவது பொலனறுவைக்கு எழுதிய மருந்துச் சீட்டை ஊர்காவற்றுறையில் கொண்டுவந்து காட்டுவது போன்றது.

வீட்டிலேயே பார்க்கலாம். வயல் மண்ணைக் காயவைத்துப் பொடியாக்கி, ஒரு தேக்கரண்டி எடுத்து, அதன்மேல் தேசிக்காய்ப் புளி சில துளி விடுங்கள். சிறுசிறு குமிழியாக நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் தீவுகளில் பல இடங்களில் நுரைக்கும்.

இந்தச் சுண்ணாம்பில் நன்மையும் உண்டு. நீலப்பச்சை அல்காவுக்குப் புளிப்பு மண் ஆகாது. எங்கள் மண்ணின் காரத்தன்மை அதற்குப் பிடிக்கும். தென்னிலங்கை ஈரவலயத்துப் புளிப்பு வயல்களைவிட இந்த விடயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தீமை இரண்டு. முதலாவது யூரியா இழப்பு. காரத்தன்மை கூடிய தண்ணீரில் யூரியா அமோனியாவாக மாறி ஆவியாகப் போய்விடும். இதில் ஒரு வேடிக்கை: வெயில் நேரத்தில் பாசி தண்ணீரிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் நடுப்பகலில் அந்தத் தண்ணீரின் காரத்தன்மை இன்னும் ஏறும். பாசி நிறைந்த வயலில் பகல் பன்னிரண்டு மணிக்கு யூரியா எறிகிறவர், தெரியாமலே அதைக் காற்றுக்கு விற்கிறார். பின்னேரம் எறிவதும், தண்ணீரை வடியவிட்டுச் சேற்றில் போட்டுப் பிறகு தண்ணீர் கட்டுவதும் இந்த இழப்பைக் குறைக்கும்.

இரண்டாவது பொசுபரசு. நைதரசன் பதிக்கும் உயிர்களுக்குப் பொசுபரசு இல்லாமல் நடவாது. அல்காவுக்கு இது மிக முக்கியம். சுண்ணாம்பு மண் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எப்பாவலைப் பாறைப் பொசுபேற்றைப் போடலாமே என்று 2021இல் பலரும் அறிவுரை சொன்னார்கள். அது புளிப்பு மண்ணில் மெல்லக் கரையும். தேசிக்காய்ப் புளிக்கு நுரைக்கும் மண்ணில் கரையாது, கல்லாகவே கிடக்கும். எங்களுக்கு வேண்டியது நீரில் கரையும் ரி.எஸ்.பி. உரம், அதுவும் விதைப்போடு, சேதனப் பசளையுடன் கலந்து. யூரியாவுக்கு அடிபடுகிற அளவுக்கு இதற்கு யாரும் அடிபடுவதில்லை.

பிறகு உவர். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமென் அளவைத் தாண்டினால் நெல் விளைச்சல் சரியத் தொடங்கும். நுண்ணுயிர்களில் சில உவரைத் தாங்கும், பெரும்பாலானவை சோர்ந்துவிடும். அசோலா என்ற மிதக்கும் பன்னத்தை வளர்த்து வயலில் விடலாம் என்று சில பயிற்சிப் பட்டறைகளில் சொல்லப்படுகிறது. வியட்நாமிலும் சீனாவிலும் அது பழைய வழக்கம்; நல்ல பசளைதான். ஆனால் உவர் அசோலாவுக்கு ஆகாது. இங்கே அதை வீட்டுத் தொட்டியில் கோழிக்கும் மாட்டுக்கும் வளர்க்கலாம், வயலுக்கு நம்பவேண்டாம்.

வரம்பு

தீவகத்தில் ஆறில்லை, வாய்க்கால் பாசனமில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழைதான் வயலுக்கு எல்லாம். புரட்டாதியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது எங்கள் முறை. ஆகவே நுண்ணுயிருக்குக் கிடைப்பதும் கார்த்திகை, மார்கழி என்று ஏழெட்டுக் கிழமைதான். அந்த ஏழெட்டுக் கிழமையில் வயலில் தண்ணீர் தொடர்ந்து நிற்கிறதா, வந்த வேகத்தில் கடலுக்கு ஓடுகிறதா என்பதில்தான் அந்த அரை அந்தர் இருக்கிறது.

தண்ணீர் நின்றால் மூன்று காரியம் ஒன்றாக நடக்கிறது. உவர் கரைந்து கீழே இறங்குகிறது. சேற்றில் ஒட்சிசன் குறைந்து, நைதரசன் பதிக்கும் பற்றீரியாவுக்கு ஏற்ற நிலை வருகிறது. மேலே பாசி பிடிக்கிறது. தண்ணீர் வந்து வந்து வற்றினால் மூன்றுமே கெடும். அதைவிட மோசம், மண்ணில் சேர்ந்த நைதரசன் ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வரும்போது நைத்திரேற்றாக மாறி, அடுத்த மழையில் வாயுவாகப் போகிறது, அல்லது கிணற்றுக்கு இறங்குகிறது. யாழ் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். தீவுகளிலோ நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம். வயலில் போடுவது ஒருநாள் குடத்தில் வரும்.

உத்தரப்பிரதேசத்தில் காரமும் உவரும் ஏறிக் கைவிடப்பட்ட நிலங்களை 'ஊசர்' என்பார்கள். காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். என். சிங் அந்த நிலங்களில் அல்காவை வளர்த்து மண்ணைத் திருத்திக் காட்டி 1950இல் எழுதினார். அவர் செய்ததில் பலரும் பாசியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முதல் வேலையாக அவர் வரம்பு கட்டி, மாரிமழையை அந்த நிலத்தில் தேக்கினார். பாசி பிறகு வந்தது. பாசியால் மேல்மண்தான் திருந்தும், ஆழத்துக்கு ஜிப்சம் வேண்டும் என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள், அதுவும் உண்மையே. வரம்பு பற்றி மட்டும் ஒருவரும் மறுத்துச் சொன்னதாக நான் அறியேன்.

இங்கே வரம்புகளுக்கு என்ன ஆனது? 1990களின் தொடக்கத்தில் தீவகத்தவரில் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர்கள் பாதியிலும் குறைவு என்று சொன்னால் ஊரில் மறுப்பார் இல்லை. வயல்வெளி என்பது தனித்தனிக் காணி அல்ல. ஒருவர் வரம்பு இன்னொருவருக்கு அணை. நடுவில் நாலு பரப்பு கவனிப்பாரற்றுக் கிடந்து அதன் வரம்பு உடைந்தால், மேலே இருக்கும் இருபது பரப்பின் தண்ணீரும் அதன் வழியே போய்விடும். அந்த நாலு பரப்பின் சொந்தக்காரர் பிள்ளைகள் ரொறொன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். காணி எங்கே என்றுகூட அவர்களில் சிலருக்குத் தெரியாது.

பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்குள் நுழையும்போது மார்கழியில் இரு பக்கமும் பாருங்கள். கடலோரத் தரவையில் தண்ணீர் பளபளக்கும். சற்று உயர்ந்த வயலில் நெல் மஞ்சளித்து நிற்கும். உயர்ந்த வயலில் நிற்கவேண்டிய தண்ணீர்தான் தாழ்ந்த தரவையில் நிற்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2024 நவம்பர் வெள்ளமும் 2025 நவம்பர் டித்வாப் புயலும் காட்டியது போல, தண்ணீர் அளவுக்கு மீறியும் வரும். வரம்பு என்றால் மூடிக்கட்டுவது அல்ல. முதல் மழை மேலேறியிருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு நிற்கும். அந்தத் தண்ணீரை ஒருமுறை வடியவிட வேண்டும். அதன் பிறகு வரும் மழையைத்தான் கட்ட வேண்டும். இதற்கு வரம்பில் திறந்து மூடும் வாய் வேண்டும். கடற்பக்கம் உவர்நீர் ஏறாமல் தடுக்கும் மதகு வேண்டும். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கான ஆறு என்ற பெருந்திட்டத்தின் உள்ளே இருந்ததும் இந்த எண்ணம்தான்: உவரை வெளியே நிறுத்து, மழையை உள்ளே நிறுத்து. எழுபது வருடமாக அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு வயல்வெளிக்கு வரம்பு கட்ட அவ்வளவு காலம் தேவையில்லை.

வைக்கோல் யாருக்கு?

சேற்றுப் பற்றீரியாவுக்கு வைக்கோல் தேவை என்றேன். மாட்டுக்கும் தேவை. மாசி பங்குனியில் தீவகத்தில் புல் கருகியபின் மாட்டுக்கு வைக்கோலை விட்டால் வேறு நாதியில்லை. வைக்கோலை எல்லாம் வயலில் உக்கவிடு என்று சொல்கிறவர் மாடு வளர்க்காதவர்.

நடுவழி இருக்கிறது. அறுவடை இயந்திரக்காரரிடம் சொல்லித் தாளைச் சற்று உயர விட்டு வெட்டச் சொல்லலாம்; மேல்வைக்கோல் மாட்டுக்கு, அடித்தாள் மண்ணுக்கு. எரிப்பது மட்டும் கூடாது. தாளில் இருக்கும் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் புகையோடு போய்விடும். தாளால் மூடிக் கிடக்கும் வயலில் கோடையில் ஆவியாதல் குறைவதால், உப்பு மேலேறுவதும் குறைகிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உக்காத தாளை விதைப்புக்கு ஒட்டி உழுதால் இளம்பயிர் மஞ்சளிக்கும். விதைப்புக்கு ஓரிரு மாதம் முன்பே, கோடை மழையொன்று விழும் வேளையில் மடக்கி உழவேண்டும்.

முன்னோர் முறைகளும் இங்கே பலவகை. ஆடு மாடுகளைப் பட்டி அடைத்தார்கள். பூவரசங்குழை தாட்டார்கள். வேலியிலிருந்து பிரித்த பழைய பனையோலையைக் காணியில் தாட்டார்கள். கரையில் ஒதுங்கும் சாதாளையை அள்ளி வந்து, மழையில் உப்புக் கழுவவிட்டுப் போட்டார்கள். இன்று வேலி தகரமாகிவிட்டது; ஓலை இல்லை. பட்டி அடைக்க மாடு உண்டு, ஆனால் அவை கட்டாக்காலியாகத் திரிந்து பயிரையே மேய்கின்றன. சாணம் வீதியிலும் உடைந்த வீட்டு முற்றத்திலும் விழுகிறது.

குடாநாட்டுக்குள் அறுவடைக்குப் பிறகு சில வயல்களில் சணல் மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். படம் எடுக்க ஆட்கள் வரும் அளவுக்கு அழகு. அதன் வேரிலும் நைதரசன் பதிக்கும் பற்றீரியாதான். அறுவடை ஈரத்தில் விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் அது நல்ல பசளை. உவர் மிகுந்த வயலில் முளைக்காது. மேட்டு வயலில் முளைக்கும். வேலியோரத்தில் சீமைக்கிளுவை நட்டால் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை குழை வெட்டலாம். சீமைக்கிளுவையும் நைதரசன் பதிக்கும் மரமே.

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இந்தக் கணக்கு வேறு. நெடுந்தீவில் மெல்லிய மண், அடியில் கல். ஆடும் மாடும் பனையுமே அங்கே சீவியம். அங்கே யூரியா மூடையைப் படகில் ஏற்றி இறக்கும் கூலியும் சேர்கிறது. சாணமோ தீவிலேயே கிடக்கிறது. நயினாதீவில் வயல் கைப்பிடியளவு. இந்த இரண்டிலும் முதற்கவலை கிணற்றுத் தண்ணீராக இருக்கவேண்டும். நைதரசன் உரம் மிகக் குறைவாகப் போகட்டும்.

என்ன செய்யலாம்

உரமானியத்தின் ஒரு பங்கை, கமக்காரர் விரும்பினால், வரம்பு வேலைக்குக் கூலியாக எடுக்க அனுமதிக்க வேண்டும். அதைத் தனி ஆளுக்குக் கொடுத்துப் பயனில்லை. வயல்வெளி முழுவதற்குமாகக் கமக்காரர் அமைப்புக்கு, ஆனி ஆடியில், நிலம் காய்ந்திருக்கும்போதே கிடைக்கவேண்டும். கார்த்திகையில் வரும் காசால் வரம்பு கட்ட முடியாது.

வெளிநாட்டில் இருக்கும் காணிச் சொந்தக்காரரிடம் காணியைக் கேட்கவேண்டாம். வரம்பைத் திருத்த ஒரு சம்மதக் கடிதம் போதும். பிரதேச செயலகம் ஒரு பக்கப் படிவம் ஒன்றை வெளியிட்டு, கிராம அலுவலர் மூலம் சேகரிக்கலாம். ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்குக் கோடிக்கணக்கில் சேர்த்து அனுப்புகின்றன, நல்லது. ஒரு வருடம் ஒரு வயல்வெளியின் மதகுக்கும் அனுப்பட்டும். ஒரு போகத்துக்கு என்று வாய்ப்பேச்சில் குத்தகை கொடுப்பதை விட்டு, மூன்று வருடத்துக்கு எழுத்தில் கொடுத்தால்தான் குத்தகைக்காரர் மண்ணில் தாளும் குழையும் போடுவார். அடுத்த வருடம் தன்னுடையதல்லாத மண்ணுக்கு யாரும் சோறு போடமாட்டார்கள்.

ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் கையடக்க மின்கடத்துதிறன் மானி ஒன்று இருக்கவேண்டும். ஆவணியில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை அளந்து வயல்வெளிப் படத்தில் எழுதி ஒட்டவேண்டும். உவர் கூடிய இடத்துக்கு ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனத்தின் விதைநெல். அதையும் தாண்டிய இடத்தைத் தரவைப் புல்லுக்கு விட்டுவிடலாம்; அங்கே யூரியா கொட்டுவது வீண்.

யூரியாவைப் பொறுத்தவரை, விவசாயப் போதனாசிரியர்கள் இலைநிற அட்டையை வீட்டுக்கு வீடு கொடுத்து, நிறம் வெளிறிய பிறகே போடும் பழக்கத்தைக் கொண்டுவரவேண்டும். தண்ணீர் நின்று பாசி பிடித்திருக்கும் கிழமைகளில் கையைக் கட்டிக்கொள்ளவேண்டும். தீவகத்துக்கு ரி.எஸ்.பி. உரத்தைத் தனியே ஒதுக்கவேண்டும்.

நுண்ணுயிர் உரம் என்று போத்தலிலும் பைக்கற்றிலும் வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் உருவாக்கிய உயிர்ப்படல உரம் நாட்டின் பல நெல் வயல்களில் பரீட்சிக்கப்பட்டது. தீவகத்து உவர் வயலில் அதை விற்குமுன், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ் பல்கலைக்கழக விவசாய பீடம் இரண்டு காலபோகம் பக்கத்துப் பக்கத்து வயலில் போட்டுப் பார்த்து, தமிழில் ஒரு பக்கத்தில் முடிவை எழுதட்டும். வேலணையில் ஒன்று, காரைநகரில் ஒன்று, புங்குடுதீவில் ஒன்று போதும். வைக்கோல் மடக்கிய பாத்தி, வரம்பு உயர்த்திய பாத்தி, ஒன்றுமே செய்யாத பாத்தி என்று பிரித்தால், மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல்லினமும் புது இனமும் எதில் எப்படி விளைகின்றன என்பதும் சேர்ந்து தெரியும்.

இதற்கெல்லாம் கோப்பு நகரவேண்டும். கோப்பு நகரும்வரை பாடசாலைகளில் ஒன்று செய்யலாம். ஐப்பசியில் சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வயலில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, வெறும் தண்ணீர்ப் போத்தல் இரண்டில் பாதிப் பாதியாகப் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றி, யன்னலோரம் வெயிலில் வைக்கட்டும். ஒன்றில் மட்டும் கிள்ளு யூரியா. இரண்டு மூன்று கிழமையில் இரண்டிலும் பச்சை பிடிக்கும்; யூரியாப் போத்தலில் பெரும்பாலும் பளிச்சென்ற பச்சை நீராக, மற்றதில் நீலம் கலந்த படலமாக, அடியில் குமிழிகளோடு. எந்த வயல் மண்ணில் அந்தப் படலம் முதலில் வந்தது, எதில் வரவேயில்லை என்று போத்தலில் வயலின் பெயரை ஒட்டி வரிசையாக வைத்துவிட்டு, பெற்றோரைப் பார்க்கக் கூப்பிடுங்கள்.